மீற்றரில் ‘1’ வந்தால் எல்.ஈ.டி பழுதா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய டிடி830டி வகை மல்ரிமீற்றரின் டயோட் ரேஞ்சில் புத்தம்புது வெள்ளை எல்.ஈ.டியை வைத்துப் பாருங்கள். திரை ‘1’ (அளவுக்கு மேல் என்ற குறி) என்றே நிற்கும். அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

முதலில், கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் சாதாரண டயோட். கறுப்பு வயர் கொம் துளைக்கு, சிவப்பு வயர் வோல்ற்-ஓம் துளைக்கு. 10 ஆம்பியர் துளை வேண்டாம். முக்கோணமும் கோடும் சேர்ந்த குறிக்குக் குமிழைத் திருப்புங்கள். ரேஞ்சைத் தானே தெரிவுசெய்யும் ஓட்டோ ரேஞ்ச் மீற்றரில் ஓம், பீப், டயோட் மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும். டயோட் குறி திரையில் வரும்வரை செலக்ட் பொத்தானை அழுத்துங்கள்.

1என்4007 டயோடில் கோடு போட்ட பக்கம் கதோட், அதாவது மைனஸ் முனை. அங்கே கறுப்பு, மறுகாலில் சிவப்பு. டிடி830டி 500 முதல் 700 வரை காட்டும், அது மில்லிவோல்ற். வயர்களை மாற்றி வைத்தால் ‘1’ அல்லது அதே பொருள்படும் ‘ஓ.எல்’ வரவேண்டும். இரண்டு பக்கமும் அப்படியே வந்தால் உள்ளே அறுந்துவிட்டது. இரண்டு பக்கமும் பூச்சியத்தை ஒட்டி வந்தால் ஷோர்ட். 1என்5819 போன்ற ஷொட்கி டயோட் 300க்குக் கீழே காட்டுவது வழமைதான்.

போர்டில் இருக்கும் டயோட் என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். 230 வோல்ற்றில் ஓடும் போர்டின் பெரிய கபாசிற்றரில் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம். டிசி வோல்ற்றில் அளந்து, அது இறங்கிய பிறகே தொடுங்கள். ஒரு காலைக் கழற்றிச் சோதித்தால்தான் பக்கத்துப் பாகங்கள் குழப்பாது.

இனி எல்.ஈ.டி. நீளமான கால் அனோட், அதாவது பிளஸ் முனை, அதில் சிவப்பு வயர். சிவப்பு எல்.ஈ.டிக்கு 1.8 வோல்ற் அளவில் போதும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 2.6 முதல் 3 வரை தேவை. டிடி830டி திரையோ 1999 மில்லிவோல்ற்றுக்கு, அதாவது ஏறத்தாழ 2 வோல்ற்றுக்கு மேல் காட்டாது. அதனால் வெள்ளை எரிந்தாலும் ‘1’தான் வரும். எண்ணை விடுங்கள், எல்.ஈ.டியைக் கையால் மூடி உள்ளே பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அது நல்லது.

வெளிச்சமே இல்லையா? உங்கள் மீற்றர் எத்தனை வோல்ற் தருகிறது என்று பாருங்கள். இன்னொரு மீற்றரை டிசி 20 வோல்ற்றில் வைத்து, டயோட் ரேஞ்சில் இருக்கும் முதல் மீற்றரின் வயர் முனைகளை அளந்தால் போதும். 2 வோல்ற்தான் என்றால் வெள்ளை எரியாது. 9 வோல்ற் பற்றரியோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்ரரைத் தொடராகப் போட்டு எரித்துப் பாருங்கள்.

முள் மீற்றரில் ஓம் ரேஞ்சைத்தான் பாவிக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் அந்த ரேஞ்சில் கறுப்பு வயர்தான் பிளஸ், ஆகவே எல்லாம் தலைகீழ். ×10இல் வையுங்கள். 3 வோல்ற் பற்றரி உள்ள மீற்றரில் ×1 போட்டால், 20 மில்லி ஆம்பியர் தாங்கும் எல்.ஈ.டிக்குள் அதைவிட மிக அதிகமான கரண்ட் ஓடலாம்.

வீட்டு பல்புகளைத் திருத்துபவர்களுக்கு ஒன்று: அவற்றின் பல சிப்களுக்குள் இரண்டு மூன்று எல்.ஈ.டிகள் தொடராக இருக்கும். 6, 9 வோல்ற் கேட்கும் அந்தச் சிப்பை எந்தச் சாதாரண மீற்றரின் டயோட் ரேஞ்சும் எரிக்காது. நடுவில் கருகிய கரும்புள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செத்த சிப் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.