செல்லோ பழகுகிறவர்கள் தங்கள் வாசிப்பைப் பதிவுசெய்து ஒப்பிடுவது எப்படி

செல்லோ, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம். அதோடு உட்கார்ந்தால் பிருடைகள் (தந்தியை முறுக்கும் ஆணிகள்) இடது காதை ஒட்டி வந்து நிற்கும். வில் உரசும் இடமும் கைக்கெட்டும் தூரம்தான். அதனால் வாசிப்பவர் காதில் நாதத்தைவிட உரசல்தான் பெரிதாகக் கேட்கும். வயது வந்தபின் கற்கத் தொடங்குகிறவர்களில் பலர் அந்த உரசலுக்குப் பயந்து வில்லின் எடையைக் குறைத்துக்கொண்டே போவார்கள். எதிரே ஆறடி தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு உரசல் அநேகமாகக் கேட்காது. மெலிந்த ஒலிதான் கேட்கும். இதைப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவுகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அன்றாடப் பயிற்சியில் ஒரு சிக்கலான இடத்தை அரை நிமிடம் பதிந்து, உடனே கேட்டு, அழித்துவிடுவது ஒரு வகை. அதற்கு ஒரு முறையும் தேவையில்லை. மாதம் ஒரு முறை பதிந்து சேமித்து வைப்பது மற்றொன்று. அதில் வாசிப்பைத் தவிர எதுவும் மாறக்கூடாது. அறை, நாற்காலி, போன் இருக்கும் தூரம் எது மாறினாலும், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு அறைகளையே தவிர இரண்டு வாசிப்புகளை அல்ல.

போன் எங்கே இருக்க வேண்டும்

குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) நேர் எதிரே ஒன்றரை மீட்டர் தள்ளி, குதிரையைவிட ஓரடி உயரத்தில் வையுங்கள். எஃப் வடிவத் துளைக்கு மிக அருகில் வைத்தால் அடித்தந்திகள் குமுறும். நோட்டு வைக்கும் ஸ்டாண்டில் வைத்தால் அதன் தகடு அதிரும் சத்தமும் சேர்ந்து பதியும். மரத்தரையானால் எண்ட்பின் (செல்லோவைத் தரையில் ஊன்றும் கம்பி) வழியாக அதிர்வு தரைக்கு இறங்கிப் போனுக்குப் போய்ச் சேரும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். அறையின் மூலையில் உட்கார வேண்டாம், அங்கே அடி ஒலி வீங்கும். இடம் அமைந்ததும் நாற்காலியின் முன்கால்கள், எண்ட்பின், போன் ஸ்டாண்ட் ஆகியவற்றின் இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். காற்றுச் சத்தம் மட்டும் காரணமல்ல: சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி நடுங்கும், கேட்கும்போது இல்லாத விப்ராட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவைப்பது) இருப்பதுபோலத் தோன்றும்.

ரெக்கார்டர் செயலியில் இரைச்சல் குறைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சுக்காகச் செய்யப்பட்ட அந்த வசதி, நீட்டி இழுக்கும் ஒரே சுரத்தை ஏதோ இயந்திரத்தின் ரீங்காரம் என்று எண்ணி விழுங்கிவிடும். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியும் இப்படித்தான். மெதுவாகத் தொடங்கி வலுப்பது முழுக்கச் சமமாகிப் போகும். அதை அணைக்க முடியாத போன் என்றால், அந்தப் பதிவை வைத்து ஏற்ற இறக்கத்தை எடைபோடாதீர்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் செயலியின் ஒலித்தரத்தை லாஸ்லெஸ் (தரம் குறையாதது) என்று மாற்றிக்கொள்ளலாம். பதிவதற்கு முன், சி, ஜி, டி, ஏ என்ற நான்கு தந்திகளில் மிகத் தாழ்ந்த சி தந்தியைப் பலமாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள். திரையில் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டதுபோலத் தட்டையாகத் தெரிந்தால் போனை இன்னும் அரை மீட்டர் பின்னுக்குத் தள்ளுங்கள். அப்படி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு சரியாக மீட்க முடியாது.

என்ன வாசிப்பது

மொத்தம் நான்கு நிமிடம் போதும். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு. முதலில் நான்கு தந்திகளையும் விரல் வைக்காமல், வில்லுக்கு எட்டு எண்ணிக்கையாக, மேலும் கீழும். அடுத்து சி மேஜர் இரண்டு ஸ்தாயி, சுரத்துக்கு இரண்டு எண்ணிக்கை; சி தந்தியில் தொடங்கி ஏ தந்தியில் இரண்டாம் விரல் வரை, முதல் பொசிஷனிலேயே (இடது கை கழுத்தின் மேல் முனையில் நிற்கும் நிலை) முடிந்துவிடும். பிறகு இப்போதைய பாடத்தில் 16 பார் (தாளக் கட்டம்). கடைசியாக, மூன்று மாதம் முன்பு முடித்த பழைய பாடம் ஒன்று. மெட்ரோனோம் ஒலி ஒரு காதில் மாட்டிய இயர்போனில் மட்டும் கேட்கட்டும், பதிவில் வரவேண்டாம்.

ஒரே முறைதான் வாசிக்க வேண்டும். பத்து முறை வாசித்து நல்லதைத் தேர்ந்தெடுத்தால் அது அன்றைய அதிர்ஷ்டத்தின் பதிவு. பட்டனை அழுத்தியதும் தோள் இறுகுவது எல்லோருக்கும் நடப்பது. அழுத்திவிட்டு, சுருதி சேர்த்து, வில்லுக்கு ரோசின் (பிசின்) தடவி, அரை நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். அந்தப் பகுதியைப் பிறகு வெட்டிவிடலாம்.

எப்படிக் கேட்பது

அன்றே கேட்காதீர்கள். மறுநாள், ஹெட்போனில் கேளுங்கள். சி தந்தியின் அதிர்வு 65 ஹெர்ட்ஸ். போனின் சிறிய ஸ்பீக்கரில் அது சரியாக எழும்பாது, அடித்தந்தி மெலிந்திருக்கிறது என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

முதல் தடவை தாளத்துக்கு மட்டும். கையால் தட்டிக்கொண்டே கேட்டால், பொசிஷன் மாறும் இடத்தில் ஓடுவதும் தந்தி மாறும் இடத்தில் தங்குவதும் பிடிபடும்.

இரண்டாவது சுருதிக்கு. வேறொரு கருவியில் தம்புரா செயலியை 1 கட்டையில் (சி சுருதி) ஓடவிட்டு, சி மேஜரை அதோடு சேர்த்துக் கேளுங்கள். டியூனரின் (சுருதி காட்டும் கருவி) முள்ளை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. டி தந்தியில் முதல் விரலில் வரும் ஈ சுரம் ஏ தந்தியோடு இணைய வேண்டிய இடம் ஒன்று, ஜி தந்தியோடு இணைய வேண்டிய இடம் வேறு. இரண்டுக்கும் ஏறத்தாழ 22 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம். முள் மூன்றாவதாக ஓர் இடத்தைக் காட்டும். டி தந்தியில் நான்காம் விரலில் ஜி, ஏ தந்தியில் நான்காம் விரலில் டி, இவற்றுக்கு வேறு சோதனை இருக்கிறது. விரல் சரியாக விழுந்தால் கீழ் ஸ்தாயித் தந்தி தானாகக் கூட அதிரும், வில் நின்ற பிறகும் ஒலி தொங்கும். சட்டென்று அணைந்தால் விரல் தவறு.

மூன்றாவது நாதத்துக்கு. இங்கே காதைவிடக் கண் உதவும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, விரல் வைக்காமல் இழுத்த பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருக்க வேண்டிய வடிவம் நீளமான செங்கல். நடுவில் தொப்பை விழுந்திருந்தால் வில் அங்கே வேகமாக ஓடியிருக்கிறது. ஒரு பக்கம் ஊசியாக மெலிந்தால் வில்லின் நுனியில் கையின் எடை சேரவில்லை; தொடக்கத்தவர் பதிவில் அதிகம் தெரிவது இதுதான். தொடக்கத்தில் கூர்மையான முள் எழுந்தால் வில் நகருமுன் அழுத்தியிருக்கிறீர்கள். வில் திரும்பும் இடத்தில் ஆழமான பள்ளம் தெரிந்தால் அதைப் பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள், மணிக்கட்டு தயங்குவது தெளிவாகும்.

வில்லின் கோணத்துக்கு வீடியோ வேண்டும். கேமரா குதிரைக்கு நேர் எதிரே, அதே உயரத்தில். சாய்வாக வைத்தால் நேராகப் போகும் வில்கூடக் கோணலாகத் தெரியும். செல்ஃபி கேமரா இடம் வலம் மாற்றிக் காட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில குறைகள் உங்களுடையவை அல்ல. பல செல்லோக்களில் ஈ, எஃப், எஃப் ஷார்ப் பக்கம் ஒரு சுரம் மட்டும் ஓநாய் உறுமுவதுபோல விக்கும்; அது கருவியின் உடல் அதிர்வால் வருவது. புதுத் தந்தி போட்ட மாதம் ஒலி பளிச்சென்றிருக்கும், அது வாசிப்பின் முன்னேற்றமாகாது. தந்தி மாற்றிய தேதியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே பக்கத்தில், அடுத்த மாதம் திருத்தப்போவது என்று ஒன்றே ஒன்றை எழுதுங்கள். ஐந்து எழுதினால் ஒன்றும் நடக்காது.

கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: ஆண்டு, மாதம், நாள். ஒற்றைத் தடத்தில் வேவ் கோப்பாக வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி, வருடம் முழுக்கச் சேர்த்தாலும் ஏறத்தாழ 250 எம்பிதான். ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வாய்ஸ் நோட்டாக வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் சுருக்கப்பட்டுப் போகும்.

போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் சலிப்புதான் மிஞ்சும். மூன்று மாத இடைவெளியாவது விட்டு எடுங்கள், அதிலும் பழைய பாடத்தை முதலில் கேளுங்கள். புதுப் பாடத்தின் கடினம் குறுக்கிடாததால், வில் கை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.