சைகை ஒலியியல் ஆய்வு: சைகையாளரிடம் கேட்கும் முறை

கை உருவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் என்று அமெரிக்கச் சைகை மொழியின் கூறுகளை மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் பிரித்துக் காட்டினார். ஒலியே இல்லாவிட்டாலும், அக்கூறுகளை அளப்பதையே சைகை மொழியின் ஒலியியல் என்கிறோம். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் பார்வையில், சைகையாளரிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் ஆய்வையே தீர்மானிக்கிறது.

முதலில் ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். 'தெரியும்' என்ற சைகையில் விரல்நுனிகள் நெற்றியோரத்தைத் தொட வேண்டும். இயல்பான உரையாடலில் அதே கை கன்னத்தருகே நின்றுவிடுவதுண்டு. எப்போது, எவ்வளவு இறங்குகிறது என்று கேட்கலாம்.

அடுத்து, அச்சைகையை ஒரு வாக்கியத்துக்குள் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் வரும் சைகைகளை ஒருமுறை தலையருகிலும் மறுமுறை மார்பருகிலும் அமையுங்கள். மார்த்தா டைரோனும் கிளாட் மாக்கும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வேகம் கூடும்போதும் அண்டைச் சைகைகள் தாழ்வாக இருக்கும்போதும் நெற்றிச் சைகை கீழிறங்குவதைக் காட்டினர்.

இனி, வாக்கியத்தை எப்படிக் காட்டுவது? ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் கைகள் ஆங்கிலச் சொல்வரிசையைப் பின்பற்றக்கூடும். காணொளியில் ஒருவர் செய்து காட்டினால், அவருடைய கை உயரமும் வேகமும் பார்ப்பவருக்கு ஒட்டிக்கொள்ளும்; நாம் அளக்க வந்ததே அந்த உயரம்தான். படம் காட்டலாம் என்றால், 'வீடு' போன்றவற்றுக்குப் பொருந்தும் படம் 'தெரியும்' என்பதற்குக் கிடைக்காது. ஆகவே, காது கேளாத சக ஆய்வாளர் ஒருவர் வாக்கியங்களைச் சைகையிலேயே முன்கூட்டிப் பேசிப் பழக்கிவிட்டு, பதிவின்போது சுருக்கமான நினைவுக் குறிப்பு மட்டும் காட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். கேட்கும் திறனுள்ளவர் எதிரில் அமர்ந்தால் சைகையாளர் ஆங்கிலச் சாயலுக்கு மாறிவிடக்கூடும் என்பதும் இதற்குக் காரணம்.

குறிப்பைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடாதீர்கள். சீட்டைப் பிடித்த கை சைகைக்கு உதவாது. திரையைக் கண்மட்டத்தில் வையுங்கள். தாழ்வாக வைத்தால் தலை குனியும், நெற்றியும் இறங்கும். விரலை நெற்றி எதிர்கொண்டு வருவதும் உண்டு என்பதால், அசைவைக் கருவி பின்தொடர உதவும் அளவுக்குறிகளைக் கையில் மட்டுமின்றித் தலையிலும் ஒட்டுங்கள்.

"தெளிவாகச் செய்யுங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்கே கை நெற்றிக்கு ஏறிவிடும். "தோழியிடம் சொல்வதுபோல்", பிறகு "அவசரத்தில் சொல்வதுபோல்" என்று கேளுங்கள். வாக்கியங்களை வரிசை மாற்றிக் கலந்து, ஆய்வுக்குத் தொடர்பில்லாத சிலவற்றையும் இடையில் சேர்த்து, ஒவ்வொன்றையும் பலமுறை பதியுங்கள்.