பழைய தரங்கம்பாடி ரயில் மேட்டில் ஒரு சுற்று நடை: பாதையைக் கண்டுபிடித்துப் போவது எப்படி?

நாள் முழுக்க ஏறி நடக்க டெல்டாவில் மலை ஏது என்று கேட்காதீர்கள். சுற்றிலும் வயல் தாழ்ந்து கிடக்கிற ஊரில், ரயில் நின்றுபோன பாதையின் மண்மேடுதான் நமக்கு மலை. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் வந்த மீட்டர் கேஜ் பாதையில் 1980-களோடு வண்டி நின்றுவிட்டது. அதில் பொறையாறு, தில்லையாடி, திருக்கடையூர் வரையுள்ள துண்டை எடுத்துக்கொண்டு, அனந்தமங்கலம், தரங்கம்பாடி வழியாகப் பொறையாறு திரும்பினால் ஒரு நாள் நடைக்குச் சரியாக இருக்கும்.

1. கோடு பிடியுங்கள்

போனில் கூகுள் மேப் பார்த்து இந்த வேலை ஆகாது. கணினியில் கூகுள் எர்த் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வருடப் படங்களையும் அதில் பார்க்கலாம். கருவேல் மண்டுவதற்கு முந்தைய படத்தில் மேடு பளிச்சென்று தெரியும். ஊர்ச் சாலை வயலுக்கு வயல் ஒடிந்து திரும்பும். ரயில் பாதை அப்படித் திரும்பாது, நீளமாக வளையும். இன்னொரு அடையாளம், மேட்டை ஒட்டி வரிசையாக இருக்கும் குட்டைகள். மேடு போட மண் வெட்டிய பள்ளங்கள் அவை. இப்போது ஆகாயத்தாமரை மூடியிருந்தாலும் நேர்வரிசை காட்டிக்கொடுத்துவிடும். பாதையைக் கோடாக வரைந்து போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமல் வேலை செய்யும் செயலிதான் நல்லது. எனக்கு ஆர்கானிக் மேப்ஸ் போதும்.

2. வாய்க்காலில் கோடு அறுந்தால்

என்னை அதிக நேரம் உட்காரவைத்தது இதுதான். படத்தில் கோடு ஆற்றைத் தாண்டி நேராகப் போகும். நேரில் போனால் இரும்புப் பாலம் இருக்காது. இந்தக் கரையில் மேடு முடியும், அந்தக் கரையில் மறுபடி தொடங்கும். தண்ணீர் கொஞ்சம்தானே என்று இறங்கக் கூடாது. அடியில் களிமண், கால் முழங்கால் வரை புதையும்.

அதனால் வீட்டிலேயே ஒவ்வொரு நீர்க்கடப்பையும் பெரிதாக்கிப் பாருங்கள். பாலம் இல்லையென்றால் கரையோடு மேற்கே நடந்து அடுத்த சாலைப் பாலத்தில் தாண்டி, மறுகரையில் கிழக்கே வந்து மேட்டைப் பிடிப்பதாக வரையுங்கள். மேற்கே என்று சொல்லக் காரணம் உண்டு. இது கடைமடை, ஆறு கடலைத் தொடும் கடைசிப் பகுதி; கிழக்கே போகப் போக ஆறு அகலும், பாலம் குறையும். வீடு கட்டியிருக்கும் இடங்களிலும் இதே மாதிரி சுற்றிப் போய்விடுங்கள்.

குழப்பம் வந்தால் டீக்கடையில் வயசானவராகப் பார்த்து, “ஐயா, அந்தக் காலத்துல ரயில் எந்தப் பக்கமா போச்சு?” என்று கேளுங்கள். எந்த செயலியும் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

3. மாதம்

பிப்ரவரி, மார்ச். சம்பா அறுப்பு முடிந்திருக்கும், வாய்க்காலில் தண்ணீர் வற்றியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் நடக்க வழியில்லை.

அறுத்த வயல் சும்மா கிடக்கிறது என்று குறுக்கே மட்டும் போகாதீர்கள். குனிந்து நெல் தாளுக்கு நடுவே பாருங்கள்: மூன்று இலை விட்ட உளுந்துச் செடி நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தில் விதைத்துவிடுவார்கள். மேலே மழை இல்லாமல், அந்த மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்கிற பயிர். ஒருவர் வீட்டு வருமானம் அது. வரப்பிலேயே போங்கள்.

4. நடை

விடிந்ததும் பொறையாற்றில் கிளம்பிவிடுங்கள். தில்லையாடியில் வள்ளியம்மை நினைவு மண்டபத்தில் நின்றுவிட்டுப் போங்கள். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914-இல் பதினாறு வயதில் இறந்த பெண். இந்த ஊர் அவர் பெற்றோர் வழி ஊர். காந்தி 1915-இல் இங்கே வந்திருக்கிறார்.

உச்சிவேளையில் கோயில் நடை சாத்துவதற்குள் திருக்கடையூர் போய்விட வேண்டும். முகூர்த்த நாளாகப் பார்த்துப் போகாதீர்கள்; அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு இடம் கிடைப்பதே கஷ்டம். திரும்பும் வழி பெரிய சாலை, வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். வெயில் தாழும்போது தரங்கம்பாடி, 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கடற்காற்று. அங்கிருந்து பொறையாறு பக்கம்தான்.

பின்சேர்க்கை: செருப்பு போதுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போதாது. கருவமுள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். கையில் கம்பு கட்டாயம். புதரும் வரப்பும் கண்ணாடி விரியன் கிடக்கிற இடம், தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். சைக்கிளில் போகலாமா என்றும் கேட்டார்கள்: சாலைப் பகுதியில் தாராளமாக, மேட்டில் முடியாது.