அவுட்லுக்கை மாற்றுவதா, இருக்கிறதே போதுமா?

கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் கணினி பார்க்கிற என்னிடம் முதலாளிமார் கேட்பது: "தம்பி, புது அவுட்லுக் போடத்தான் வேணுமா?"

அவுட்லுக் என்பது மெயிலும் கலண்டரும் பார்க்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். முதலில் அதில் ஃபைல், ஆஃபீஸ் அக்கவுண்ட் போய்ப் பதிப்பைப் பாருங்கள். 2016, 2019 என்றால் மாற்றத்தான் வேண்டும். 2025 ஒக்டோபர் 14உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்துவிட்டன. இன்வொய்ஸ் என்று வருகிற எதையும் திறந்துவிடும் கடைக்கு அது சரிவராது. 2021க்கு 2026 ஒக்டோபர் 13 வரை தவணை.

அப்புறம் ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸ் (அவுட்லுக்கோடு இணையும் துணை நிரல்கள்) பட்டியலைப் பாருங்கள். பில் அனுப்பும் கணக்கு மென்பொருளுக்கு நேரே 'கொம் ஆட்-இன்' என்றிருந்தால் 'நியூ அவுட்லுக்' என்ற தனிச் செயலியின் பக்கமே போகாதீர்கள், அதில் அது ஓடாது. கிளாசிக் எனப்படும் வழக்கமான அவுட்லுக்கின் புதிய பதிப்பே போதும்.

பலர் கோட்டை விடுவது கலண்டரில். ஐமேப் கணக்கென்றால் (மெயில் மட்டும் சேர்வரில் இருக்கும் வகை) கலண்டர் பெயரோடு 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்றிருக்கும். செக் தவணை, கொள்கலன் வரும் திகதி எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான், சேர்வரில் இல்லை. இம்போர்ட்/எக்ஸ்போர்ட் வழியாக பிஎஸ்டி (அவுட்லுக் தரவு) கோப்பாக எடுத்து வெளி டிஸ்கில் வையுங்கள்.

வெறும் மெயிலும் கலண்டரும் போதுமென்றால் தண்டர்பேர்ட் என்ற மென்பொருள் இலவசம். எதுவானாலும் மாற்றுவதைப் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் வையுங்கள், கடை பூட்டியிருக்கும்.