முதல் அல்ட்ரா ஓடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

42.195 கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அது அல்ட்ராதான். பலர் 50 கிலோமீட்டரில் தொடங்குகிறார்கள், அதுவும் வயல்வெளி, மண்பாதை, மேடு பள்ளம் என்று போகும் கிராமப்புறப் பந்தயத்தில். இப்போதெல்லாம் நான் ஓடுவதைவிட வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கும் எய்டு ஸ்டேஷனில் நின்று பாட்டில் நிரப்பிக் கொடுப்பதும், கடைசி ஆளோடு கூடவே நடந்து வருவதும்தான் அதிகம். ஒரு காலத்தில் நானும் என்னோடு ஓடியவர்களும் செய்த அதே தவறுகளைப் புதியவர்கள் வரிசையாகச் செய்துகொண்டு வருவதை அங்கே பார்க்கிறேன். புது ஷூ போட்டுக்கொண்டு போகாதே, முந்தின இரவு நன்றாகத் தூங்கு என்பதையெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் ஏற்றத்தில் ஓடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பந்தயத்துக்கு முந்தின இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்திருப்பார்கள். கால் துடிக்கும். காலைக் குளிர், சுற்றிலும் கூட்டம். முதல் பெரிய மேடு வருகிறது. அனுபவசாலிகள் செங்குத்தான இடத்தில் சட்டென்று நடைக்கு மாறுவார்கள். புதியவர்கள் அவர்களைத் தாண்டி மூச்சிரைக்க ஓடி ஏறுவார்கள். அந்த மேட்டில் மிச்சமாவது ஓரிரு நிமிடம்தான்.

அதற்குக் கொடுக்கும் விலை காலில் தெரியாது, வயிற்றில் தெரியும். கடுமையாக ஓடும்போது ரத்தம் தசைக்கும், உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் திரும்பிவிடும். குடலுக்குப் போவது வெகுவாகக் குறையும். அந்த நேரத்தில் உள்ளே போகும் சாப்பாடு அப்படியே தங்கி நிற்கும். இன்னொரு பக்கம், வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பைக் குறைவாகவும் மாவுச்சத்தை அதிகமாகவும் எரிக்கும். தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் மாவுச்சத்து இருப்பு சுமார் 2000 கலோரிதான். சமதளத்தில் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு, கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி என்று வைத்தாலே, 65 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிலோமீட்டருக்கு 3250 கலோரி வேண்டும். ஏற்றம் இருந்தால் இன்னும் கூடும். ஆக, முதல் மேட்டில் ஓடியவர் இருப்பை வேகமாகக் கரைத்துவிட்டு, புதிதாக உள்ளே வரும் வழியையும் அடைத்துவிடுகிறார்.

ஒரு பந்தயத்தில் 18ஆவது கிலோமீட்டருக்கு ஒரு தம்பி, திட்டமிட்டதைவிட வெகு முன்னாலேயே வந்துவிட்டார். வாழைப்பழத்தை நீட்டினேன். “பசிக்கலண்ணா” என்று சொல்லிவிட்டு ஓடினார். பிற்பகலில் கடைசி ஆட்களோடு வந்தபோது 34ஆவது கிலோமீட்டர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். “ஜெல்லப் பார்த்தாலே குமட்டுதுண்ணா, தண்ணிகூட நிக்க மாட்டேங்குது” என்றார். (ஜெல் என்றால் ஓடிக்கொண்டே உறிஞ்சிச் சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ்.) காலில் பிடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. எழுந்து நேராக நிற்க முடிந்தது. கட் ஆஃப் நேரம், அதாவது அந்த ஸ்டேஷனைத் தாண்ட வேண்டிய கடைசி நேரம், வந்துவிட்டதால் நிறுத்திவிட்டார்கள்.

என்னை உறுத்துவது அதற்கு அப்புறம் நடந்தது. “கால்ல பலம் பத்தலண்ணா, அடுத்த தடவை வாரத்துக்கு இன்னும் 20 கிலோமீட்டர் கூட்டணும்” என்றார். மாதக்கணக்கில் உழைத்துத் தயார் செய்த கால் அது. அதன் மேல் ஒரு குறையும் இல்லை. இப்படித் தப்பான காரணத்தைப் பிடித்துக்கொண்டு, தூரத்தைக் கூட்டி, முழங்காலையும் கெடுத்துக்கொண்டு, அடுத்த பந்தயத்திலும் அதே மேட்டில் ஓடி ஏறுகிறவர்கள் நிறையப் பேர்.

செய்ய வேண்டியது கடினமில்லை. முதல் ஒரு மணி நேரம் முழுவதும் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வாக்கியம் பாதியில் உடைந்தால் நடங்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டத்தின் வேகம் எப்படியும் நடை வேகத்துக்கு இறங்கிவிடும், அதே வேகத்தில் நடப்பதற்கு ஆகும் சக்தி குறைவு. வாட்சில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதைப் பார்க்காதீர்கள். சேற்றிலும் புல்லிலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. முதல் அரை மணி நேரத்திலேயே சாப்பிடத் தொடங்குங்கள், பசிக்காகக் காத்திருக்க வேண்டாம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், அதைத் தண்ணீரோடு எடுங்கள். இதையெல்லாம் நீண்ட பயிற்சி ஓட்டங்களிலேயே பழகிக்கொண்டு வர வேண்டும், குடலுக்கும் பயிற்சி தேவை.

வயிறு ஏற்கெனவே அடைத்துவிட்டதா? திணிக்காதீர்கள். இருபது நிமிடம் மெதுவாக நடங்கள், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், வாயை நனைக்கும் அளவுக்குக் குடியுங்கள். குமட்டல் அடங்கியபின் ஒரு கடி. அது தங்கினால் இன்னொரு கடி. இப்படி மீண்டு வந்து முடித்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரை அளவு மீறிக் குடிப்பது

தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டே இரு என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மராத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவாக இருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள். மோதிரம் இறுகி, கை வீங்கி, தலைவலியும் குழப்பமும் வந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவிடம் போங்கள். கூடவே உப்பு மாத்திரை போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

வலி மாத்திரை

ஐபுப்ரோஃபென் வகை எதுவும் வேண்டாம். சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே போதுமான சுமை இருக்கிறது.

இறக்கத்தைப் பழகாமல் வருவது

ஏற்றத்துக்குப் பயிற்சி செய்யாதவர்கள் இல்லை, இறக்கத்தை யாரும் நினைப்பதில்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, தசை நார்கள் அதிகம் கிழிவது அப்போதுதான். பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு சில இறக்க ஓட்டங்கள் ஓடி வலியை அனுபவித்துவிட்டால், அடுத்த முறை அதே தசை நன்றாகத் தாங்கும். எட்டி எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள்.

பனி படிந்த புல்

மழை இல்லாத நாளிலும் காலைப் புல்வெளியில் ஷூ நனையும். நனைந்த தோல் ஊறி மெத்தென்று ஆகிவிட்டால் கொப்புளம் சீக்கிரம் வரும். பாதி வழிக்கு ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் கட்டாயம். ஓரிடத்தில் சூடாக உறுத்தத் தொடங்கியதும் நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த ஸ்டேஷன் வரை தள்ளிப்போட்டால் அதற்குள் தோல் உரிந்திருக்கும்.

முன்னால் ஓடுபவரை நம்புவது

அவருக்கும் வழி தெரியாது. பாதையின் வரைபடத்தை வாட்சிலோ போனிலோ ஏற்றிக்கொண்டு வாருங்கள், இணையம் இல்லாமல் திறக்கிறதா என்று முன்பே பாருங்கள். வெகுநேரமாக வழி காட்டும் ஓர் அடையாளமும் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த அடையாளம் வரை திரும்பிப் போங்கள். வயல் கேட்டைத் திறந்தால் மூடுங்கள், திறந்தே இருந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டைத் தூர விலகி, நடந்து தாண்டுங்கள்.

நாற்காலி

ஸ்டேஷனில் போட்டிருப்பார்கள். உட்காராதீர்கள்.

கட் ஆஃபைச் சரியாகப் படிக்காதது

சில பந்தயங்களில் ஸ்டேஷனுக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் எடுப்பார்கள், சிலவற்றில் அங்கிருந்து கிளம்பும் நேரத்தை. இரண்டு நிமிடம் முன்னால் வந்துவிட்டு, நிதானமாகச் சூப் குடித்து முடித்தபின் “நேரம் முடிஞ்சிருச்சு” என்று கேட்டு உடைந்துபோனவர்களை ஆறுதல் சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறேன். விதிமுறையில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்து, ஒவ்வொரு ஸ்டேஷனின் நேரத்தையும் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.