ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் எழுந்து செல்போனை வலது காதில் வைத்தால் எதிர்முனையில் சத்தமே இல்லை. போனில்தான் கோளாறு என்று இடது காதுக்கு மாற்றினால் கணீரென்று கேட்கிறது. மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு செய்கிற பிழைகளும் வருஷா வருஷம் அதேதான். பட்ஸ் போட்டுக் குடையக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

"தண்ணி போயிருக்கும்" என்று நாளைக் கடத்துவது

டெல்டாவில் காது அடைப்புக்குக் காரணம் கைவசமே இருக்கும். ஆற்றில் முங்கியது, பம்புசெட்டில் தலையைக் காட்டியது, மார்கழிப் பனி. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து, ஐந்து நாள். அப்புறம் சளி மாத்திரை, இன்னொரு ஐந்து நாள். நடவு முடியட்டும் என்று ஒரு வாரம். தஞ்சாவூருக்கு பஸ் ஏறும்போது மூன்றாவது வாரம் பிறந்திருக்கும்.

ஏமாற்றுவது அந்த அடைப்பு உணர்ச்சிதான். குரும்பி அடைத்தாலும் காது 'கும்'மென்று இருக்கும். உள்காதின் நத்தை எலும்போ கேள்வி நரம்போ பழுதானாலும் அதே 'கும்'தான். உணர்ச்சியை வைத்துப் பிரிக்க முடியாது.

இதைவிட எரிச்சலூட்டுவது, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "காது நல்லாத்தானே இருக்கு, பயப்படாதீங்க" என்று அனுப்பிவைப்பது. குரும்பி இல்லை, சீழ் இல்லை, செவிப்பறை பளிச்சென்று இருக்கிறது, ஆனாலும் கேட்கவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை. கோளாறு உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். குரும்பியை எடுத்த பிறகும் கேட்கவில்லை என்றாலும் அதே அர்த்தம்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதுப் பக்கம் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் வெளி அடைப்பு. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்பு வழிக் கோளாறாக இருக்கலாம். இ.என்.டி. மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். முடிவாகச் சொல்வது கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம்: 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் கேட்கும் திறன் 30 டெசிபலோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு. சீட்டு போடும் இடத்தில் "காது அடைப்பு" என்று சொல்லாதீர்கள், வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "நேற்று வரை கேட்டது, இன்று கேட்கவில்லை" என்று சொல்லுங்கள்.

அவசரம் எதற்கு? இந்த இழப்புக்குத் தரும் மருந்து ஸ்டீராய்டு, அதற்கான காலம் முதல் 2 வாரம். அதில் தேறாதவர்களுக்குச் செவிப்பறை வழியே போடும் ஊசிக்கு 2 முதல் 6 வாரம். அதன் பிறகு கையில் அதிகம் இல்லை. மருந்து கேட்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. பலருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. மருந்தில்லாமலே ஓரளவு தேறுகிறவர்களும் கணிசம். அதனால்தான் 2019இல் புதுப்பித்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்கூட ஸ்டீராய்டைத் "தரலாம்" என்கிறதே தவிர, "தந்தே ஆகவேண்டும்" என்று சொல்லவில்லை. "தானா சரியாயிடுமாம்" என்று காத்திருப்பவர்கள் இதில் பாதியை மட்டும்தான் காதில் வாங்குகிறார்கள். தேறாத பாதியில் நீங்கள் இருந்தால், அது தெரியவரும்போது 2 வாரம் போயிருக்கும்.

ஸ்டீராய்டை அரைகுறையாகச் சாப்பிடுவது

வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. பிரட்னிசோலோன், அதிகபட்சம் 60 மி.கி. காலையில் சாப்பிட்டபின் ஒரே வேளை, 7 முதல் 14 நாள், பிறகு படிப்படியாகக் குறைப்பு. மெடிக்கலில் கேட்டு வாங்கும் 5 மி.கி. மாத்திரை இந்தக் கணக்கில் சேராது. முகம் உப்புகிறது, தூக்கம் வரவில்லை என்று நாலாம் நாள் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். காலையில் போட்ட ஸ்டீராய்டு மதியத்திலிருந்து இரவு வரைதான் சர்க்கரையை ஏற்றும். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் மாலையிலும் பாருங்கள். கட்டுக்குள் நிற்கவில்லை என்றால் காதுக்குள் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். மரத்துப்போக வைத்து, செவிப்பறை வழியே ஒரு மில்லிக்கும் குறைவாகச் செலுத்துவார்கள். போட்ட காது மேலே இருக்கும்படி 20, 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். எச்சில் விழுங்கவும் பேசவும் கூடாது. விழுங்கினால் தொண்டைக்குப் போகும் குழாய் திறந்து மருந்து வழிந்துவிடும்.

பூண்டு காய்ச்சிய எண்ணெய்

வேண்டாம்.

"நரம்பு ஊசி", ரத்த ஓட்ட மாத்திரை

காசுக்குக் கேடு. அதைவிட, நாளுக்குக் கேடு.

உயர் அழுத்த ஆக்சிஜனைத் தேடி அலைவது

அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சை இது. முதல் 2 வாரத்துக்குள், அல்லது முதல் சிகிச்சையில் தேறாதவர்களுக்கு ஒரு மாதத்துக்குள், ஸ்டீராய்டோடு சேர்த்துத் தரலாம் என்பதுதான் அதன் இடம். அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே மாத்திரையைத் தள்ளிப்போட்டால் இரண்டும் இல்லாமல் போகும்.

சி.டி. எடுத்துவிட்டு நிம்மதியடைவது

கேள்வி நரம்பில் சிறு கட்டி இருந்தால் சி.டி.யில் தப்பிவிடும். தேவை எம்.ஆர்.ஐ. காது திரும்பக் கேட்டுவிட்டாலும் எடுங்கள்; கட்டி இருந்தும் ஸ்டீராய்டில் கேள்வி திரும்புவது உண்டு.

முகம் கோணினால், பேச்சு குழறினால், நடக்க முடியாமல் தள்ளினால்

இது காது விஷயம் இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். 108.

ஆறு மாதம் கழித்தும் மருந்து தேடுவது

சிகிச்சை முடிந்ததும் ஒரு ஆடியோகிராம், 6 மாதத்துக்குள் இன்னொன்று. அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்றால் செலவைக் கருவிப் பக்கம் திருப்புங்கள். ஓரளவு கேள்வி மிச்சம் இருந்தால் சாதாரணக் காதுக் கருவி. துளியும் இல்லை என்றால் செத்த பக்கத்துச் சத்தத்தை நல்ல காதுக்குக் கடத்தும் கிராஸ் கருவி.

ஒற்றைக் காதால் சத்தம் வரும் திசையைப் பிடிக்க முடியாது. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஹாரன் கேட்டால் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். பந்தியில் இடது காது கேட்காதவர் இடது கோடியில் உட்கார்ந்தால் எல்லோரும் நல்ல காதுப் பக்கம் வந்துவிடுவார்கள். கேட்காத காதுக்குள் எழும் இரைச்சல் ராத்திரி தூங்க விடாவிட்டால் முழு அமைதியில் படுக்காதீர்கள். மின்விசிறியோ மெல்லிய ரேடியோவோ ஓடட்டும். சாமி புறப்பாட்டில் தவிலுக்குப் பக்கத்திலும் வேட்டுக்கு அருகிலும் நிற்பதை நிறுத்துங்கள், மிச்சம் இருப்பது ஒன்றுதான்.