டூ வீல் டிரைவ் ஆர்சி பகி: காசை முதலில் எதில் போடுவது?

டமியா டிடி-03 மாதிரி, ரிமோட்டில் ஓடும் பொம்மை ரேஸ் வண்டியின் (ஆர்சி பகி) தொடக்கநிலை கிட் வாங்கியவர்கள் முதலில் தேடுவது பெரிய மோட்டாரைத்தான். வேண்டாம். அச்சுகள் சுழலும் இடங்களில் கூடவே வரும் பிளாஸ்டிக் புஷ் வளையங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே சிறு குண்டுகள் உருளும் பால் பேரிங் மாட்டுங்கள். அதே மோட்டாரிலேயே வண்டி லேசாக ஓடும், சூடும் குறையும். அடுத்தது, அதிர்வைத் தாங்கும் ஷாக் வெறும் ஸ்பிரிங் மட்டும் என்றால், உள்ளே எண்ணெய் நிரப்பிய ஆயில் ஷாக். அப்புறம் டயர், ரேஸை ஜெயித்துக் கொடுப்பது உண்மையில் இதுதான், ஓடும் மண்ணுக்கு ஏற்ற டயர் இல்லாவிட்டால் மற்ற எந்த மாற்றமும் சரியாகத் தெரியாது.

சரி, செட்டிங். சக்தி பின்சக்கரத்துக்கு மட்டும் போவதால், வளைவில் த்ராட்டிலைத் திறந்தவுடன் வால் சுற்றிக்கொள்வது இந்த வண்டிகளின் தீராத தொல்லை. பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், இடமிருந்தால் பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், பின்சக்கரங்களுக்கு 3 டிகிரி அளவில் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) இருக்கட்டும். மாறாக, திரும்பாமல் நேராகவே போகிறதா? முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

மோட்டார் கடைசியில்தான். மாற்றியபின் சில நிமிடம் ஓட்டிப் பார்த்து, தொட முடியாத சூடு என்றால் பல் குறைந்த பினியனுக்கு (மோட்டார் அச்சில் மாட்டும் சிறு பல்சக்கரம்) இறங்குங்கள்.